மருந்துக்கடையில் கூட்டம்

"கதவச் சாத்திட்டு இன்னும் கொஞ்சம் ஏத்துங்க பாஹ்," என்றாள் டாரிஹுன்.

அண்ணன் முறையில் அவள் பாஹ் என்று கூப்பிடும் கிட்போக், தன் இசைக்கருவிக் கடையின் பின்னறைக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினார். சுவரோரமாக இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒன்று பத்து அங்குலம், ஒரு கையால் தூக்கிவிடலாம். மற்றது பன்னிரண்டு அங்குலம், மரத்தில் செய்தது, நல்ல கனம். டாரிஹுன் முக்காலியில் உட்கார்ந்து, கிடாரை மடியில் வைத்து, காலடியில் இருந்த, கிடாரின் ஒலியை மாற்றித் தரும் ப்ராசஸர் பெட்டியின் பொத்தான்களை மிதித்து மிதித்து வாசித்தாள். கிட்போக் கேபிளை இதிலிருந்து பிடுங்கி அதில் செருகினார். அவள் முகம் சுளித்தாள். கீழே பேஸ் வயிறு உப்பியது போல ததும்பியது. மேலே எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி ஓர் இரைச்சல்.

"வீட்ல இப்படி இல்லயே."

"வீட்ல எதுல கேட்ட?"

"ஹெட்போன்லதான். மெய் தூங்கணும்ல."

"அதான் விஷயம். சின்னச் சத்தத்துல கேக்கறப்ப அடியும் மேலும் காதுக்குப் பத்தாது. பத்தலன்னு நீ அள்ளிப் போட்டிருப்ப. இப்ப மேடைச் சத்தத்துக்கு ஏத்தினதும் எல்லாம் பொங்கி வழியுது. இங்கயே வச்சு மறுபடியும் உப்பு பாத்துக்க." அவர் குனிந்து பெரிய ஸ்பீக்கரின் தலையைத் தட்டினார். "உன் பழைய ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்கு ஒரு மசாலாவச் சேக்கும். நீ எப்படி வாசிச்சாலும் கொஞ்சம் அழகு பண்ணிக் காட்டும். இது அப்படி இல்ல. ஒண்ணயும் சேக்காது, ஒண்ணயும் மறைக்காது. உன் பெட்டி என்ன குடுக்குதோ அதான் வெளிய வரும். தப்பு பண்ணினா தப்பும் சேந்து வரும்."

"எத எடுக்கட்டும்?"

"பேச்ச ஓட்டிப் பாரு. மனுஷக் குரல் மனுஷக் குரல் மாதிரி கேட்டா அத நம்பலாம்."

அவர் தன் கைப்பேசியிலிருந்து வானொலிச் செய்தியை ஓட்டினார். சின்னதில் செய்தி வாசிப்பவள் மூக்கடைத்துக்கொண்டு பேசினாள். பெரியதில் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டாரிஹுன் சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மழை தொடங்கியதிலிருந்து மெய், அவள் அம்மா, படுக்கையில்தான். அவர்கள் வழக்கத்தில் கடைசி மகளுக்குத்தான் வீடு, கடைசி மகளுக்குத்தான் அம்மா. அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. டாரிஹுன் ஒத்திகையை விட்டாள், கச்சேரிகளை விட்டாள். மத்தியானங்களில் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். அம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒனக்கு மட்டும் கேக்குதா?" என்று ஒருமுறை கேட்டாள். டாரிஹுன் தலையாட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் திடலில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. அவளுடைய இசைக்குழுவினர் அவளை விடவில்லை. இன்று அக்கா இபான்ரி ஜோவாயிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்கு இன்னும் சில வாரங்கள் ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்துடறேன் காங்," என்று அக்காவிடம் சொல்லித்தான் டாரிஹுன் வண்டியை எடுத்தாள். பொய்யில்லை. படுக்கைப் புண்ணுக்கான களிம்பையும் பஞ்சையும் வாங்கினாள். கடையில் ஒருவரும் இல்லை. சட்டென்று வேலை முடிந்துவிட்டது. வீடிருந்த மாவ்லைக்குத் திரும்ப வேண்டிய வண்டி, கிட்போக்கின் கடை இருந்த லைத்தும்க்ரா பக்கம் திரும்பியது.

பேஸைக் குறைத்தாள். மேலிருந்த இரைச்சலை வெட்டினாள். கிட்போக் பெரிய ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுத்து ஒரு பெஞ்சின் மேல் வைத்ததும் மிச்சமிருந்த ததும்பலும் போனது. பிறகு வாசித்தபோது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக வந்து நின்றது. நடுவிரல் சறுக்குவதுகூடக் கேட்டது. அவள் மறுபடியும் வாசித்தாள். வேறொன்று வாசித்தாள். எதை வாங்குவது என்று முடிவாகி நேரமாகியிருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தத்தில், ஒருவரையும் எழுப்பிவிடுவோம் என்ற பயமில்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

ப்ராசஸருக்குப் பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசி வெளிச்சமானது. காங் இபான் என்று பெயர் வந்தது. வரும்போது பால் வாங்கி வரச் சொல்வாள் என்று டாரிஹுன் நினைத்துக்கொண்டாள். வலது கையை ஒரு கணம் எடுத்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஸ்பீக்கரைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள். திரை முழுக்க ஒரே பெயர். கூப்பிட்டாள். எடுத்தது அக்கா இல்லை, வெலிங் மாமா.

"டாரி. வண்டிய மெதுவா ஓட்டிட்டு வா."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, நான் இதோ..."

"அவசரமில்ல. இனிமே என்ன அவசரம். எங்க இருக்க?"

"மருந்துக்கடையில," என்றாள். "கூட்டம்."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"சரி, சரி. பாத்து வா," என்றார் மாமா.

வீட்டருகே போனபோது வட்டாரத்து ஆண்கள் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தார்ப்பாய் விரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள். டாரிஹுன் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தாமல் கீழ்த் திருப்பத்தில், பைன் மரத்தடியில் நிறுத்தினாள். தன் மழைக்கோட்டைக் கழற்றி ஸ்பீக்கரின் மேல் போட்டு மூடினாள். கூட்டத்துக்குள் நடந்து போகும்போதுதான் மருந்துப் பை கையில் இருப்பது தெரிந்தது. கீழே போடவும் முடியவில்லை.

இபான்ரி அவளைக் கட்டிக்கொண்டாள். "மருந்தக் கையிலயே வச்சிக்கிட்டு வந்து நிக்குது பாருங்க," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லி அழுதாள். பெண்கள் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டார்கள்.

அம்மாவைக் கழுவி, நல்ல உடுப்பு உடுத்தி, முன்னறையில் கிடத்தினார்கள். வாயோரத்தில் ஒரு சிறு சுருக்கம் அப்படியே இருந்தது. கடைசி நேரத்தை அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் டாரிஹுன் பக்கத்தில் இருக்கும்படி ஆனது.

"தண்ணி கேட்டா. குடுத்தேன். டாரி எங்கன்னா. மருந்து வாங்கப் போயிருக்கா மெய், இப்ப வந்துடுவான்னேன். சரின்னா. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு ரெண்டு தரம் கேட்டா. நான் போன் பண்ணிட்டே இருந்தேன். அப்புறம் கேக்கல."

"சைலண்ட்ல இருந்துச்சு காங்."

"கூட்டத்துல எங்க கேக்கப் போகுது," என்றாள் அக்கா.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும், அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. பால் சேர்க்காத சிவப்புத் தேநீர் குடித்தார்கள், பாக்கு மென்றார்கள், டாரிஹுனின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார்கள். எதிர்வீட்டு காங் தோலிமா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "மருந்துக்கடை, ஆஸ்பத்திரின்னு இந்த மழையில அலைஞ்ச பொண்ணு. அந்த நேரத்துலயும் வரிசையில நின்னுருக்கே. ஒங்க மெய்க்கு எல்லாம் தெரியும்டி. இந்நேரம் ஆண்டவர் வாசல்ல உக்காந்து பாக்கு மென்னுக்கிட்டு ஒன்னயப் பத்தித்தான் பேசிட்டிருப்பா."

டாரிஹுனுக்கு அந்தத் தோளிலிருந்து தலையை எடுக்கத் தெரியவில்லை. காதுக்குள் அந்தப் பின்னறையில் வாசித்தது விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தை வாசித்தபோது அம்மா "வந்துட்டாளா" என்று கேட்டிருப்பாள் என்று மனம் கணக்குப் போட்டுப் பார்த்தது. போட வேண்டாம் என்றாலும் போட்டது. அவள் அழாததைப் பார்த்து, அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சவப்பெட்டிக்குப் பலகை எடுத்துவர மாமா அவள் வண்டியைக் கேட்டார்.

"பெட்ரோல் இல்ல மாமா."

"நான் போட்டுக்கறேனே."

"பிரேக்கும் சரியில்ல."

மாமா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு வண்டி தேடிப் போனார்.

அடக்கத்துக்கு முந்தைய நாள் சமையலறையில் அக்காவும் அவளும் தனியாக இருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று டாரிஹுன் அடுப்பருகே போனாள். "காங், அன்னிக்கு நான்..."

இபான்ரி பாக்குச் சீவுவதை நிறுத்தாமல் சொன்னாள். "நீ இல்லன்னா மெய் எப்பவோ போயிருப்பா. நான் ஜோவாய்ல என் பாட்டுக்கு இருந்தேன். அத நெனச்சா எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

டாரிஹுன் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

அடக்கத்தன்று காலையிலிருந்தே மழை. முன்னறையும் தாழ்வாரமும் நிறைந்து, தார்ப்பாய்க்குக் கீழும் நிறைந்து, குடை பிடித்தவர்கள் சாலை வரைக்கும் நின்றார்கள். அம்மா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவள். மாவ்லையில் அவளைத் தெரியாத வீடில்லை. வட்டாரத்துக்குச் சொந்தமான குழாய் ஸ்பீக்கரை வாசலோரப் பைன் மரத்தில் கட்டியிருந்தார்கள். அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. போதகர் வேதவசனத்தைத் தொடங்கியதும் அது கீச்சென்று கத்தியது. தட்டினார்கள், துடைத்தார்கள். கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு ஓய்ந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியதில் மூன்றாவது வரிசைக்கே போதகரின் குரல் எட்டவில்லை. வட்டாரத் தலைவர் கையைப் பிசைந்தார்.

அப்போதுதான் கிட்போக் வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். அம்மாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். பிறகு டாரிஹுனிடம் வந்து கையைப் பற்றிக்கொண்டார். மரத்திலிருந்த குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

"இதப் போய்க் கட்டி வச்சிருக்கீங்களே. டாரி, புதன்கிழமை எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போனியே, அந்த ஸ்பீக்கர் எங்க? மைக்க நேரா அதுலயே சொருகலாம். பேச்சுக்கு அதவிட நல்லது இந்தத் தெருவுலயே கிடையாது."

டாரிஹுன் அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். பாக்குத் தட்டோடு பக்கத்தில் நின்ற இபான்ரியிடம் கிட்போக் திரும்பினார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"மத்தியானம் பூரா உக்காந்து ஒவ்வொண்ணா வாசிச்சுப் பாத்துத்தான் எடுத்தா காங். அவ்வளவு பொறும யாருக்கு வரும்? இவ வாசிச்சத நீங்க கேட்டிருக்கணும். நான் கடையவே மறந்துட்டேன்."

தட்டு அசையாமல் நின்றது. இபான்ரி தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தாள், இடது கை விரல்நுனிகளில் தந்தி பதிந்து காய்த்துப்போன இடங்களை. பிறகு தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் வைத்தாள்.

"வண்டிச் சாவி எங்க?" என்றாள்.

இருவரும் குடையில்லாமல் சரிவில் இறங்கினார்கள். வண்டிக் கதவைத் திறந்து மழைக்கோட்டை இழுத்தது இபான்ரிதான். ஸ்பீக்கருக்குக் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு பக்கம் புடி."

தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கனத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. சேற்றில் டாரிஹுனின் கால் வழுக்கியபோது அக்கா நின்றாள், அவள் நிமிர்ந்ததும் மறுபடி நடந்தாள். எடுத்துப்போக ஓடி வந்த ஆண்களிடம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எங்க வைக்கணும்?"

"தரையில வேணாம் காங். தரையில வச்சா அடிச்சத்தம் கூடிப்போயி பேச்சு புரியாது. மேச மேல வைக்கலாம்." குரல் நடுங்காமல் வந்தது. நடுங்கியிருக்கலாமே என்று இருந்தது அவளுக்கு.

தாழ்வாரத்தில் மேசை போட்டு, ஸ்பீக்கரின் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். போதகரின் மைக் அதற்குப் பின்னால் வருமாறு தள்ளி வைத்தாள். மைக் அதன் எதிரில் இருந்தால் ஊளையிடும். பின்பக்கத்தில் குனிந்து, கிடாருக்காக எதையும் கூட்டாமல், உள்ளது உள்ளபடி வரும் நிலைக்குத் திருகைத் திருப்பினாள். அடிச்சத்தத்தைக் கொஞ்சம் வெட்டினாள். கிட்போக் சாலைவரை நடந்து போய் அங்கிருந்து கையை உயர்த்திக் காட்டினார். எட்டடி தள்ளி அம்மா கிடந்தாள். கைகள் தம் வேலையைப் பதறாமல் செய்தன. போதகர் "அன்பானவர்களே" என்று தொடங்கியதும், பக்கத்திலிருந்து பேசுவது போல அந்தக் குரல் சாலைவரைக்கும் போனதும், அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். யாராவது பார்த்திருப்பார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெபமும் பாட்டும் முடிந்தன. அம்மாவின் வாழ்க்கையைச் சொல்ல இபான்ரி எழுந்து மைக்கைப் பிடித்தாள். தாளில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தபால் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னாள். முகவரி தப்பாக எழுதிய கடிதங்களையும் அம்மா சரியான வீட்டில் சேர்த்ததைச் சொன்னாள். நாய்களுக்கு ஆங்கிலம்தான் புரியும் என்று அம்மா நம்பியதையும், தெரு நாய்களை ஆங்கிலத்திலேயே விரட்டியதையும் சொன்னபோது குடைகளுக்குக் கீழே சிரிப்பு ஓடியது.

"கடைசி நாள் மத்தியானம் நான் பக்கத்துல இருந்தேன்," என்றாள். "தங்கச்சி..."

நின்றாள்.

அந்த ஸ்பீக்கர் அதையும் மறைக்கவில்லை. அக்கா எச்சில் விழுங்கியது கேட்டது. மூச்சு மூக்கின் வழியாக உள்ளே போனது கேட்டது. உதடு பிரிந்தது கேட்டது. சாலையில் நின்ற கடைசி ஆளுக்கும் அது கேட்டிருக்கும். டாரிஹுன் மேசையருகே, வால்யூம் திருகின் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அவள் விரலை எடுத்துவிட்டாள்.

"தங்கச்சி மருந்து வாங்கப் போயிருந்தா," என்றாள் இபான்ரி. "கடையில கூட்டம்."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். காங் தோலிமா திரும்பி, டாரிஹுனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விடாமலே அடக்கம் முடிந்தது. கல்லறைச் சரிவு முழுக்கச் செம்மண் குழைந்து கிடந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் வட்டாரத் தலைவர் தாழ்வாரத்தில் ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன தெளிவு. ஒரு வார்த்த விடல. இது நம்ம வட்டாரத்துக்கே வேணும் போலிருக்கே."

"எடுத்துக்குங்க," என்றாள் டாரிஹுன் உடனே. "நெசமாத்தான் சொல்றேன். வட்டாரத்துக்கே வச்சுக்குங்க. எல்லா வீட்டுக் காரியத்துக்கும் ஆகும்."

தலைவர் அசந்துபோய் நின்றார். வெலிங் மாமா அவள் தோளைத் தட்டினார். அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது போல் இருந்தது.

"வேணாம்," என்றாள் இபான்ரி வாசற்படியிலிருந்து. உரக்கச் சொல்லவில்லை. "அது அவ வேலைக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினது. அவகிட்டயே இருக்கட்டும்."

தலைவர் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். மூங்கில்களை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் கட்டிலை யாரோ சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். டாரிஹுன் ஸ்பீக்கரை ஒரு துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

அடுப்புப் பக்கத்துப் பிரம்பு மோடாவில் இபான்ரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. அடுப்பில் பன்றிக்கறிப் பானை மெதுவாகக் கொதித்தது. அவள் கால்களில் கல்லறைச் சேறு கணுக்கால் வரைக்கும் அப்பியிருந்தது. கயிறு கட்டிய ஷூக்கள். கயிறு எது, சேறு எது என்று தெரியவில்லை.

டாரிஹுன் அவள் முன்னால் குந்தினாள். முடிச்சைத் தேடினாள். ஈரத்தில் அது இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்க்க நேரமானது. அக்கா தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூடிய இமைகள் அசைந்தன. முடிச்சு விட்டுக்கொடுத்ததும் குதிகாலுக்குக் கீழே கையைக் கொடுத்து ஷூவைக் கழற்றினாள்.

இபான்ரி காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை, முன்னுக்கு நீட்டவும் இல்லை. அது அவள் உள்ளங்கையில், கனமாக, குளிர்ந்து கிடந்தது. டாரிஹுன் அடுத்த முடிச்சைத் தேடினாள்.